நூலக வரி எங்கே போகிறது? எங்கள் கிளை நூலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நூலகர் இல்லை. பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவில் ஒரு கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தின் வரவு செலவைப் பார்க்கிறவன். பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள், தறிக்காரர்கள், பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி எங்கள் நூலகருக்குத் தொண்டை வற்றிவிட்டது. அவருக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க, இந்த லைப்ரரி கவர்மெண்டுதா, பஞ்சாயத்துதா? யாருதுங்க இது?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பொது நூலக இயக்ககம் என்ற அரசுத் துறை மேலே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. அதன் கீழே மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்கள். கோவைக்கு மைய நூலகம் ஆர்.எஸ்.புரம் கௌலி பிரவுன் சாலையில் இருப்பது பலருக்கும் தெரியும். மாநிலம் முழுக்க இப்படி 4,600க்கும் மேல் இருக்கின்றன.

ஊராட்சியோ நகராட்சியோ இதை நடத்துவதில்லை. ஆனால் நடத்துவதற்கான பணத்தில் பெரும்பங்கை வசூல் செய்வது அவர்கள்தான். சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நான் அந்தப் பக்கமே வாரதில்லீங்க. எனக்கு எதுக்கு நூலக வரி?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரி 200 ரூபாய் என்றால் நூலக வரி 20. ரூபாய்க்குப் பத்துப் பைசா. நகரத்தில் அரையாண்டுச் சொத்து வரியோடு சேர்ந்தே போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை.

இது 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி வாங்குகிற வரி. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்று பல வருடம் விடாமல் கேட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். கொண்டுவந்த கல்வி அமைச்சர் நம்ம திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியவர். அன்றைக்கு ரூபாய்க்கு ஆறு பை. ஒரு ரூபாய்க்கு 192 பை என்பதால் இன்றைய கணக்கில் மூன்று பைசா சொச்சம்.

கேட்டவருக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. அவர் பேத்தி பேரில் அன்றைக்கு மூன்று புத்தகம் வெளியே இருந்தது. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.

மெம்பர் ஆக எவ்வளவுங்க? உக்காந்து படிக்கவும் காசு வேணுமா?

உட்கார்ந்து படிக்க ஒரு பைசா வேண்டாம். அட்டையும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை. முன்பணமும் வருடச் சந்தாவும் சேர்ந்து நாலு டீ, வடைக் காசுக்குள் அடங்கும். முகவரிச் சான்று ஒன்று வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், நம்மூர்க் கம்பெனிகளுக்கு லீவு அன்றைக்குத்தான் என்பதால் தோதாகப் போயிற்று.

வடநாட்டுப் பசங்க வந்தா உள்ள விடுவீங்களா?

அதைக் கேட்கவே கூடாது. மேலே சொன்னதுதான்: உட்கார்ந்து படிக்க யாருக்கும் தடையில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் தினமும் பொழுதோட வந்து தமிழ் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். இந்திப் பேப்பர் கேட்டான். கொடுக்க எங்களிடம் இல்லை. ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வியில்.

வரிதான் கட்டறோமே, அப்புறம் எதுக்கு எப்பப் பார்த்தாலும் "நிதி இல்லை, நிதி இல்லை"ன்னு சொல்றீங்க?

நியாயமான கேள்வி. பணம் போகிற வழியைப் பார்க்க வேண்டும். நீங்கள் கட்டுகிற நூலக வரி வீட்டு வரியோடு சேர்ந்து உள்ளாட்சியின் பெட்டியில் விழுகிறது. அதைப் பிரித்து எடுத்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். வசூலித்தவர்களுக்கு அதில் உரிமை கிடையாது. ஆனால் தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் மோட்டார், துப்புரவுப் பணியாளர் கூலி என்று கழுத்தைப் பிடிக்கிற செலவு வரும்போது, கேட்டு வாசலில் நிற்காத கடன்காரனுக்குத்தான் முதலில் பாக்கி வைப்பார்கள். நூலகம் அப்படிப்பட்ட கடன்காரன். ஊராட்சி முதல் மாநகராட்சி வரை இந்த நிலுவை பல வருடமாகச் சேர்ந்து, சட்டமன்றத்திலும் தணிக்கையிலும் பேசி ஓய்ந்த விஷயம்.

தொழில் படுத்தால் இது இன்னும் இறுகும். தறிக்கூடம் பூட்டிக்கிடக்கும், குடோன் வாடகைக்குப் போகாது, அவர்கள் சொத்து வரியைத் தள்ளிப்போடுவார்கள். வரி வராவிட்டால் அதில் பத்தில் ஒரு பங்கான நூலக வரியும் வராது. 2022இல் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தினார்கள். விகிதப்படி நூலக வரியும் ஏறியிருக்கும். ஏறியது வந்து சேர்ந்ததா என்பது வேறு கணக்கு.

ஆணைக்குழுவுக்குப் பணம் குறைந்தால் எதை வெட்டுவார்கள்? சம்பளத்தையும் கரண்டு பில்லையும் வெட்ட முடியாது. அதனால் முதலில் பத்திரிகை, அடுத்தது புதுப் புத்தகம், பிறகு கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவது. எங்கள் நூலகத்தில் வார, மாத இதழ்களுக்கென்று பதினான்கு அறை கொண்ட மரத்தட்டு ஒன்று இருக்கிறது. ஐந்து அறையில்தான் இதழ் வருகிறது. மீதி ஒன்பதும் காலியாகத் தெரியக்கூடாதென்று நூலகர் பழைய இதழ்களின் அட்டைப்படத்தைத் திருப்பித் திருப்பி வைப்பார். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவார். புதிது வந்திருக்கிறதென்று நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன்.

இதன் அடி பதிப்பகங்களுக்கும் விழும். தமிழில் பல பதிப்பகங்கள் நூலக ஆணையை, அதாவது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தருகிற ஆர்டரை, நம்பித்தான் அச்சுக்குப் போகின்றன. ஆணை வராத வருடத்தில் கவிதையும் சிறுகதையும் சில நூறு பிரதியோடு நின்றுவிடும். பரீட்சைக் கைடு மட்டும் தடிமனாகிக்கொண்டே போகும்.

எல்லாரும் செல்போன்ல மூழ்கிட்டாங்க, யாருமே வாரதில்லைன்னாங்க. நான் வந்து பார்த்தா சேர் கிடைக்கலை. எப்படிங்க?

திங்கட்கிழமை காலையில் வந்திருப்பீர்கள். ஊரில் ஆர்டர் குறைந்திருக்கும்.

நான் பல வருடமாகப் பார்த்த கணக்கு இது. கம்பெனியில் வேலை நிறைய இருந்தால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் ஓட்டுவார்கள். நூலகத்தில் ஈ ஓட்டுவோம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடியபோது நாற்காலி நிறைந்தது. 2016 நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோதும் அப்படித்தான்; வாரக்கூலி கைக்கு வராமல் ஆட்கள் பேப்பரையே மூன்று முறை படித்தார்கள். 2020இல் மட்டும் விதிவிலக்கு. நோய்த்தொற்றில் எங்களையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் துணிக்கு 50 சதவீத வரி போட்டதற்குப் பிறகு நடந்த ஒன்று. காலை ஒன்பது மணிக்கு ஒரு அண்ணன் வந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் ஒயர் கூடை, உள்ளே டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். ஓவர்லாக் டெய்லர். பேப்பரை எடுத்து உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நூலகம் மறுபடி திறக்கும் வரை அங்கேயே இருந்துவிட்டு, கம்பெனி விடுகிற நேரத்துக்குக் கிளம்பினார். மூன்று நாள் இப்படி. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்களாம், வீட்டில் சொல்லவில்லை. நூலகர் ஒன்றும் விசாரிக்கவில்லை. நாலாம் நாள் வேலைவாய்ப்பு விளம்பரம் வந்த பக்கத்தை மட்டும் மடித்து அவர் உட்காரும் இடத்தில் வைத்தார். அப்புறம் ஒரு நாள் வந்து உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு, பையனுக்கென்று இரண்டு அறிவியல் புத்தகம் எடுத்துப்போனார்.

ஆக, ஊர் கஷ்டப்படும்போது நூலகத்துக்கு ஆள் கூடும், முந்தைய பதிலில் சொன்ன காரணத்தால் பணம் குறையும். இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கும்.

டிஎன்பிஎஸ்சி பசங்க மேசையை வளைச்சுக்கிட்டு எந்திரிக்கறதே இல்லீங்க. பெருசுக எங்க உக்காருறது?

இந்தப் புகார் வராத வாரமில்லை. அந்தப் பிள்ளைகள் நூலகத்துப் புத்தகத்தைத் தொடுவதுமில்லை, சொந்தக் கைடு கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மேசை, ஃபேன், சத்தமில்லாத இடம். ஒற்றை அறை வீட்டில், பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தால், எங்கே உட்கார்ந்து படிப்பார்கள்? தறிச் சத்தத்தில் நான் படித்திருக்கிறேன். ஒரு பக்கம் புரிய ஒரு மணி நேரம் ஆகும்.

எங்கள் ஊரில் ஒரு ஏற்பாடு செய்தோம். வாசலை ஒட்டிய இரண்டு மேசை பேப்பர் வாசிப்பவர்களுக்கு, உள்ளே இருப்பது தேர்வர்களுக்கு. சில நகராட்சிகள் இதற்கென்றே அறிவுசார் மையம் கட்டியிருக்கின்றன. பக்கத்து நகரத்தில் இருந்தால் பஸ் ஏறிப் போகலாம். பெருசுகளும் கொஞ்சம் பார்த்து, செல்போனில் சத்தமாகப் பேசாமல் இருந்தால் பாதிச் சண்டை தீரும்.

லைப்ரேரியன் சும்மா உக்காந்துட்டுத்தானே இருக்காரு? அதுக்குச் சம்பளமா?

ஒரு நாள் காலையில் எட்டே முக்காலுக்கு வந்து பாருங்கள். கூட்டுவது அவர், பேப்பரைக் கிளிப் போடுவது அவர், பைப்பில் தண்ணி வரவில்லை என்றால் குடம் எடுப்பதும் அவர். ஊர்ப்புற நூலகத்தில் உதவியாள் என்று யாரும் கிடையாது.

எல்லா நூலகருக்கும் ஒரே சம்பளம் என்று நினைக்காதீர்கள். முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை நூலகர்கள் முறையான ஊதிய விகிதத்தில் இருக்கிறார்கள். ஊர்ப்புற நூலகர்கள் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற, அதைவிடக் குறைந்த சம்பளத்தில் இருப்பவர்கள். அவர்களில் பலர் பட்டமும் நூலக அறிவியலும் படித்துவிட்டு மூன்றாம் நிலை பதவி உயர்வுக்குத் தலை நரைக்கும் வரை காத்திருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர் இடத்தில் உடனே ஆள் போடாததால் ஒரு நூலகரே இரண்டு ஊருக்குப் பொறுப்பு. காலையில் இங்கே, மாலையில் அங்கே. பஸ் காசு கையிலிருந்து.

இன்னொன்று. புத்தகம் தொலைந்தால் அவர் முகத்தைச் சுளிப்பது உங்கள் மேலுள்ள கோபத்தில் இல்லை. இருப்புச் சரிபார்க்கும்போது குறைகிற புத்தகத்துக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கைத் தடை என்று வந்து நின்றால் வயிறு கலங்கும். தொலைத்திருந்தால் அதே புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள், அல்லது விலையைக் கட்டுங்கள்.

எங்க ஊர்ல "நூலகம்"னு எழுதி ஒரு பில்டிங் இருக்குதுங்க. திறந்து நான் பார்த்ததே இல்லை. அதுக்கும் நீங்கதானா?

இல்லை. அது அநேகமாக அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியது. 2006 முதல் 2011 வரை வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு ஊராட்சிகள் என்று எடுத்து, ஊராட்சிக்கு 20 லட்ச ரூபாயில் பல வேலைகள் செய்தார்கள். அதில் நூலகமும் ஒன்று. கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையுடையது. முதல் பதிலில் சொன்ன ஆணைக்குழுவின் பட்டியலில் அது வராது.

அங்கே நிரந்தர நூலகர் பணியிடம் இல்லை. ஊரில் ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்து மாதம் சில நூறு ரூபாய் மதிப்பூதியத்தில் உட்கார வைத்தார்கள். அவருக்கு முடியாமல் போனதும் சாவி ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிற்று. பல ஊர்களில் உள்ளே இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய ட்யூப்லைட்டும்தான். சிலதைப் பிறகு சீர் செய்திருக்கிறார்கள். உங்கள் ஊருடையதைத் திறக்க வேண்டுமென்றால் நூலகத் துறைக்கு மனு எழுதிப் பயனில்லை. ஊராட்சி அலுவலகத்திலும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் கேளுங்கள்.

போன்லயே எல்லாம் கிடைக்குதே, இனி லைப்ரரி எதுக்கு?

கிடைக்கிறதுதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம், காசில்லாமல் படிக்கலாம், நானே படிக்கிறேன். ஆனால் ரீசார்ஜ் போடக் காசில்லாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆன்லைன் விண்ணப்பத்தைச் செல்போனில் நிரப்பத் தெரியாமல் அதைத் தூக்கிக்கொண்டு நூலகரிடமே வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர்.

அப்ப மூடிருவாங்களா?

பலகையைக் கழற்றி மூடுவது அபூர்வம். நடப்பது வேறு. முழுநேரம் பகுதிநேரம் ஆகும். பிறகு பொறுப்பு நூலகர் வருவார். பிறகு காலையில் மட்டும் திறக்கும். வாடகைக் கட்டடமாக இருந்தால் உரிமையாளர் காலி செய்யச் சொல்வார், இரண்டு தெரு தள்ளி ஒரு சந்துக்குள் போகும். அப்புறம் "யாரும் வாரதில்லை" என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள். உங்கள் நூலகம் எந்தப் படியில் நிற்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுல பழைய புஸ்தகம் மூணு மூட்டை கிடக்குது. குடுத்தா வாங்கிப்பீங்களா?

முதலில் மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறோம். பத்து வருடத்துக்கு முந்தைய பத்தாம் வகுப்புக் கைடு, நிச்சயதார்த்த ஆல்பம், பாதி கரையான் தின்ற ஜோதிடப் புத்தகம், இதெல்லாம் வேண்டாம். ஒரு முறை மூட்டைக்குள் ரேஷன் கார்டு இருந்தது.

உதவ நினைத்தால் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகுங்கள். இல்லையென்றால் நூலகரிடம் என்ன இல்லை என்று பட்டியல் கேட்டு, ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போகும்போது ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துவது அது. உண்டியலில் வருடம் முழுக்கச் சேர்த்த சில்லறையோடு அங்கே வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் மூன்று மூட்டை கொண்டுவரத் தோன்றாது.

எம் பொண்ணு நூலக அறிவியல் படிக்கறேங்குது. வேலை கிடைக்குங்களா?

படிக்கட்டும், ஆனால் கணக்குத் தெரிந்து படிக்கட்டும். ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் இளநிலை நூலக அறிவியல், அப்புறம் முதுநிலை. அரசுப் பணிக்குத் தேர்வாணையம் தேர்வு வைக்கும், 2023இல் வைத்தார்கள். இடம் கொஞ்சம், எழுதுகிறவர் அதிகம்.

தனியார் பக்கம் நிலைமை சுமார். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக முளைத்தபோது அனுமதி வாங்க நூலகமும் நூலகரும் கட்டாயம் என்பதால் நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது. சேர்க்கை சரிந்து கல்லூரிகள் மூடியபோது முதலில் வெளியே வந்தவர்களில் நூலகர்களும் உண்டு. அப்படி ஒரு கல்லூரியின் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடை போட்டதை நான் நேரில் பார்த்தேன். தராசின் மேலே முத்திரை கலையாத கம்ப்யூட்டர் புத்தகங்கள். பொண்ணுக்குப் புத்தகத்தோடு கணினியும் நன்றாக வரும் என்றால் தைரியமாகச் சேருங்கள்.

கஷ்டகாலத்துல வெளிநாட்டுலயும் லைப்ரரிக்குத்தான் முதல் வெட்டா?

இரண்டு விதமும் உண்டு. பிரிட்டனில் 2010க்குப் பிறகு சிக்கனம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான பொது நூலகங்களை மூடினார்கள். அங்கேயும் நூலகம் உள்ளாட்சியின் கையில்தான்.

அமெரிக்காவில் 1930களின் பெருமந்தத்தில் நேர்மாறாக ஒன்று நடந்தது. கென்டக்கி மலைக்காட்டில் வேலையில்லாத பெண்களுக்கு அரசு சம்பளம் கொடுத்து, குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தக மூட்டையைக் கட்டி வீடு வீடாக அனுப்பியது. 1935 முதல் 1943 வரை நடந்தது. அதற்கும் முன்னே, 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியது; தொடங்கி வைத்தவர் மேலே சொன்ன ரங்கநாதன்தான். இப்போது நூலக நண்பர்கள் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போகிறார்கள். எங்கள் ஊரில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஸ்கூட்டியில் போகிறார்கள்.

கோயமுத்தூர்ல 300 கோடியில கட்டறாங்க. நம்ம லைப்ரரிக்கு ஒரு ஃபேன் மாத்த ஆளில்லை. இது நியாயமுங்களா?

2024 நவம்பரில் காந்திபுரம் பக்கம் அடிக்கல் நாட்டிய பெரியார் நூலகத்தைச் சொல்கிறீர்கள். சென்னையில் 2010இல், மதுரையில் 2023இல் திறந்ததுபோல் இங்கேயும் ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஈரோட்டுக்காரர் பேரில் கொங்கு நாட்டில் ஒரு பெரிய நூலகம் வருவது சந்தோஷம்தான். அந்தப் பணம் மாநில அரசு தனியாக ஒதுக்கியது. நம் ஃபேனுக்கு வர வேண்டியது நூலக வரிப் பணம். அதை நிறுத்தினால் இது வந்துவிடாது.

ஆனால் உங்கள் கோபம் எனக்கும் உண்டு. அந்த டெய்லர் அண்ணன் டிபன் பாக்ஸோடு காந்திபுரத்துக்கு பஸ் ஏறப்போவதில்லை. போக வர ஆகும் காசுக்கு அவர் வீட்டில் ஒரு நாள் காய்கறி ஆகிவிடும்.

சரிங்க, நான் கட்டின வரி லைப்ரரிக்குப் போச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் எழுதிக் கேட்கலாம். வெள்ளைத்தாள் போதும், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். உங்கள் உள்ளாட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்வி: கடந்த ஐந்து நிதியாண்டில் வருடவாரியாக வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தத் தேதியில். இதே கேள்வியை ஆணைக்குழுவுக்கும் தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் தெரியும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஊராட்சியாக இருந்தால் கிராமசபையில் எழுந்தும் கேட்கலாம். தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான் ஒரு முறை கேட்டேன். எந்த உள்ளாட்சி என்று சொல்லப் போவதில்லை. இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது, தட்டச்சு செய்த ஒற்றைத் தாள். வசூல் என்ற கட்டத்தில் ஐந்து வருடத்துக்கும் ரூபாய், பைசா வரை எழுதியிருந்தார்கள். செலுத்தியது என்ற கட்டத்தில் முதல் இரண்டு வருடத்துக்குத் தொகை இருந்தது. மற்ற மூன்றிலும் சின்னதாக ஒரு கோடு. அதை நகல் எடுத்து மனுவோடு இணைத்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஒரு வருடத்து பாக்கி வந்தது. இரண்டு கோடு மீதி இருக்கிறது. அடுத்த மனுவில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் பேப்பர் மேசைக்குப் பக்கத்து நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். பேனா நூலில் கட்டியிருக்கும், எடுத்துப் போய்விடாதீர்கள்.